தம்பியின் கவுன்சலிங் லிஸ்ட்டும் உங்கள் சம்பளமும்



பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றைக்கு ராத்திரி ஊரிலிருந்து உங்களுக்கு ஒரு போன் வரும். "தம்பி கட்-ஆஃப் 171 வருதாம். நீதான் பாத்துச் சொல்லணும்." அம்மா பேசுவாங்க, பின்னாடி அப்பா ஏதோ சொல்வது கேட்கும். வீட்டிலேயே காலேஜை உள்ளே போய்ப் பார்த்த ஆள் நீங்க ஒருத்தர்தான். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு எந்தப் பாடம் எடுக்கலாம், எதை விடலாம் என்று சொல்வதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆலோசகர் வைத்திருப்பார்கள். நம்ம ஊரில் அந்த வேலையை அண்ணன், அக்கா, சித்தப்பா பையன் பார்க்கிறார்கள். சம்பளம் கிடையாது. சொல்லப்போனால், அவர்கள் சம்பளத்திலிருந்துதான் போகும்.

அதனால்தான் ஒரு ஃபைனான்ஸ் பிளாகில் இன்ஜினியரிங் கவுன்சலிங் பற்றி எழுதுகிறேன். என் ஆபீஸ் இருப்பது பரவையில். திண்டுக்கல் ரோட்டில் மே, ஜூன் மாசம் போய்ப் பாருங்க, காய்கறி லாரியை விட காலேஜ் ஃப்ளெக்ஸ்தான் அதிகம் கண்ணில் படும். அந்த ரெண்டு மாசம் என்னிடம் வருகிற இளம் சம்பளக்காரர்களில் பாதிப் பேர் வருமான வரிக்கு வருவதில்லை. "சார், தங்கச்சிக்கு ஃபீஸ் கட்டணும், எந்த லோன் போடலாம்?" என்று வருகிறார்கள். பெரும்பாலும் அதற்குள் லிஸ்ட்டும் போட்டு, சீட்டும் வாங்கி முடித்திருப்பார்கள். மூன்று நாளில் போட்ட அந்த லிஸ்ட், வீட்டின் அடுத்த எட்டு வருஷச் செலவைத் தீர்மானித்துவிட்டது என்பது அப்போதுதான் தெரியும்.

லிஸ்ட் எப்படி வேலை செய்கிறது?

2017 வரைக்கும் பொதுப்பிரிவு கவுன்சலிங் என்றால் ரயில் ஏறி சென்னை போக வேண்டும். கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் காத்திருந்து, ஸ்கிரீனில் எந்தக் காலேஜில் எத்தனை இடம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்து, அந்த நிமிஷத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2018-இல் எல்லாம் ஆன்லைனுக்கு வந்தது. 2019-இலிருந்து தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. இப்போது யாருக்கும் நேரில் எதுவும் தெரியாது. வீட்டில் உட்கார்ந்து, காலேஜும் பாடப்பிரிவும் சேர்த்து, விருப்ப வரிசைப்படி ஒரு லிஸ்ட் கொடுக்கிறோம். மிச்சத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது.

சிக்கல் என்னவென்றால், வீட்டில் கிடைக்கிற அறிவுரை பழைய கவுன்சலிங் காலத்து அறிவுரை. "பெரிய காலேஜை எல்லாம் மேல போடாத, கிடைக்கிறதை முதல்ல போடு, இல்லாட்டி அதுவும் போயிரும்." மாமா நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் தப்பு.

கம்ப்யூட்டர் செய்வது இதுதான். ரேங்க் ஒன்றில் இருக்கிறவர் லிஸ்ட்டை எடுக்கும், மேலிருந்து கீழே வரும், இடம் இருக்கிற முதல் விருப்பத்தைக் கொடுக்கும். அடுத்தது ரேங்க் இரண்டு. இப்படியே இறங்கி உங்க தம்பி ரேங்க்குக்கு வரும்போது அவன் லிஸ்ட்டின் முதல் வரியில் இடம் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையா, இரண்டாவது வரி. முதல் ஐந்து வரியும் கிடைக்காமல் போனால் அதற்காக ஆறாவது வரியில் அவனுக்கு ஒரு இம்மி நஷ்டமும் கிடையாது. அவனுக்குப் பின்னால் ரேங்க் வைத்திருக்கும் யாரும் அந்த ஆறாவது இடத்தை முந்திக்கொண்டு எடுத்திருக்க முடியாது, ஏனென்றால் அவர்கள் முறையே இன்னும் வரவில்லை.

மாமாவின் பயம் உண்மையாக இருந்த ஊரும் உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரப் பள்ளிகளில் 2005 வரை, ஒரு பள்ளியை முதல் விருப்பமாகப் போட்டவர்களுக்குத்தான் முதலில் இடம். கூட்டம் அதிகமுள்ள பள்ளியை முதலில் போட்டுத் தவறவிட்டால், இரண்டாவதாகப் போட்ட பள்ளி அதற்குள் நிரம்பியிருக்கும். பெற்றோர் பொய்யாக லிஸ்ட் போட வேண்டிய கட்டாயம். பொருளாதார அறிஞர்கள் எடுத்துச் சொல்லி அந்த முறையை மாற்றினார்கள். நம்ம கவுன்சலிங் அந்த ரகம் இல்லை. இங்கே உண்மையான விருப்பத்தை உண்மையான வரிசையில் போடுகிறவனுக்குத்தான் லாபம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. லிஸ்ட்டில் எதைப் போட்டாலும் அது கிடைத்துவிடலாம். "சும்மா ஒரு சேஃப்டிக்கு" என்று பிரவுசிங் சென்டரில் ஐம்பது காலேஜை அள்ளிப் போட்டு, கடைசியில் வீட்டிலிருந்து எண்பது கிலோமீட்டரில், ஹாஸ்டல் இல்லாமல் படிக்கவே முடியாத ஒரு இடம் வந்து நின்றால் யாரைக் கேட்பது? சேர மாட்டோம், கட்ட முடியாது என்று தெரிந்த எதையும் போடாதீங்க. மற்றபடி எத்தனை வேண்டுமானாலும் போடலாம், எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. குறைவாகப் போட்டு, எதுவும் ஒதுக்கீடு ஆகாமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு இன்னொரு முடிச்சு. "ஏற்கிறேன், சேர்கிறேன்" என்று முடித்துக்கொள்ளலாம். அல்லது "ஏற்கிறேன், மேலே உள்ளது கிடைத்தால் அதற்கு மாறுகிறேன்" என்று சொல்லலாம். எல்லோரும் 'அப்வர்ட்' என்கிறார்களே, அதுதான். தம்பிக்கு லிஸ்ட்டில் ஏழாவது வரி கிடைத்திருந்தால், யாராவது விட்டுப்போகும் இடத்தில் ஒன்றிலிருந்து ஆறு வரைக்கும் பார்ப்பார்கள். மேலே ஒன்று கிடைத்துவிட்டால் ஏழாவது தானாகப் போய்விடும். "இதுவே நல்லா இருந்துச்சு" என்று திரும்ப வர முடியாது. ஆக, யோசிக்காமல் நான்காவது வரியில் போட்ட ஒரு காலேஜ் இங்கே வந்து கழுத்தைப் பிடிக்கும்.

அப்வர்ட் கேட்டால் வசதி மையத்தில் பணம் கட்ட வேண்டும், சேர்கிறேன் என்றால் காலேஜில் நேராகக் கட்ட வேண்டும். இரண்டுக்கும் சில நாட்கள்தான் கெடு. தவறினால் இடம் ரத்து. அதனால் முதல் வருஷப் பணத்தை ஜூன் மாசமே சேமிப்புக் கணக்குக்குக் கொண்டுவந்து வையுங்க. ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்டை விற்றால் பணம் வர இரண்டு மூன்று வேலை நாள் ஆகும், நடுவில் சனி ஞாயிறு வந்தால் இன்னும் கூடும்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் ரொம்ப முக்கியம்: பதிவில் கொடுக்கும் மொபைல் நம்பர் தம்பியுடையதாகவோ உங்களுடையதாகவோ இருக்கட்டும். பிரவுசிங் சென்டர்காரர் நம்பராக இருக்கக்கூடாது. ஓடிபி யார் கையில் இருக்கிறதோ, லிஸ்ட்டும் அவர் கையில்தான்.

வரிசைக்குப் பக்கத்தில் ஒரு எண் எழுதுங்க

நான் சொல்வது ரொம்ப எளிமை. லிஸ்ட்டை முதலில் ஒரு காகிதத்தில் எழுதுங்க. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நான்கு வருஷத்துக்கான மொத்தச் செலவை எழுதுங்க. எழுதிப் பார்த்த பிறகு வரிசை மாறினால் மாறட்டும், மாறாவிட்டாலும் சரி. தெரிந்து போடுகிறீர்கள், அவ்வளவுதான்.

தனியார் சுயநிதிக் கல்லூரிகளுக்கு அரசின் கட்டண நிர்ணயக் குழு 2017-இல் வைத்த கணக்கு இது: கவுன்சலிங் இடத்துக்கு வருஷம் 50,000 ரூபாய், அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. மேனேஜ்மென்ட் இடத்துக்கு 85,000, அங்கீகாரம் பெற்றது என்றால் 87,000. இந்த வருஷத்துத் தொகை என்ன என்பதை அவசியம் பார்த்துக்கொள்ளுங்க. இந்தக் கணக்கிலேயே நான்கு வருஷத்துக்கு 2,20,000 எங்கே, 3,48,000 எங்கே? காகிதத்தில் மட்டும் 1,28,000 வித்தியாசம். காகிதத்துக்கு வெளியே என்ன நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். நன்கொடை என்ற பெயரில் வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆடிட்டராக நான் சொல்வது ஒன்றுதான்: ரசீது கிடைக்காத பணத்தைக் கொடுக்காதீங்க.

கட்டணத்தில் வராத செலவு தனி. காலேஜ் பஸ், ஹாஸ்டல், 'பிளேஸ்மென்ட் டிரெய்னிங்', லேப்டாப். இதையெல்லாம் காலேஜுக்குப் போன் போட்டு, இரண்டாம் வருஷம் படிக்கிற பையன் ஒருத்தனிடமும் கேட்டு எழுதுங்க. அலுவலகத்தில் சொல்லும் தொகைக்கும் அந்தப் பையன் சொல்லும் தொகைக்கும் வித்தியாசம் இருந்தால், பையன் சொல்வதை எழுதுங்க.

ஒரே காலேஜுக்குள்ளேயே விலை மாறும். திருப்பரங்குன்றத்தில் 1957-இலிருந்து இருக்கும் தியாகராஜர் பொறியியல் கல்லூரியை மதுரைப் பக்கம் தெரியாதவர் கிடையாது. கவுன்சலிங் எண் 5008. அதுபோன்ற அரசு உதவி பெறும் கல்லூரிகளில் சில பாடப்பிரிவுகளின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'எஸ்எஸ்' என்று இருக்கும். அது சுயநிதிப் பிரிவு. அந்த இரண்டு எழுத்து இருந்தால் கட்டணம் வேறு. லிஸ்ட்டில் இது தெரியாமல் மேலே கீழே போடுகிறவர்கள் ஏராளம்.

கலை அறிவியல் கல்லூரிகளிலும் இதே கதைதான். பழைய கல்லூரிகள் பலவற்றில் உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் ஒரே வளாகத்தில் ஓடும். ஒரே டிகிரி, இரண்டு விலை. அரசு கலைக் கல்லூரி என்றால் பேச்சே வேறு. விண்ணப்பத்துக்கே 48 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயும்தான். பரவையிலிருந்து ஒரு பெண் டவுன் பஸ்ஸில் ஏறி மதுரைக்குள் ஒரு கல்லூரிக்குப் போனால், சாதாரணக் கட்டண பஸ்ஸில் 2021-இலிருந்து டிக்கெட் கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்குக்கு வரும். மூன்று வருஷ டிகிரிக்கு 36,000. பையன்களுக்கு 2024-இலிருந்து தமிழ்ப் புதல்வன் இருக்கிறது. இன்ஜினியரிங்கில் இன்னும் பெரிதாக, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு ஹாஸ்டல் செலவையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை இருக்கிற வீட்டில் செலவுக் கணக்கை இந்த வரியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

முதல் பட்டதாரி சலுகை பற்றி ஒரு வார்த்தை. அப்பா அம்மா டிகிரி இல்லை, அதனால் தம்பிக்குக் கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள். கிடைக்காது. ஏனென்றால் நீங்க டிகிரி முடிச்சிட்டீங்க. கூடப் பிறந்தவர்களில் ஒருவர் பட்டதாரி என்றாலும் அடுத்தவர் முதல் பட்டதாரி இல்லை. இதை மறைத்து உறுதிமொழி எழுதிக் கொடுக்கச் சொல்லும் புரோக்கர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கமே போகாதீங்க. அதே நேரம், சித்தப்பா வீட்டில் யாரும் படிக்கவில்லை என்றால் சித்தப்பா பையனுக்கு உண்டு. இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்க.

பாடப்பிரிவு விஷயத்தில் நான் பெரிதாகப் பேச மாட்டேன், அது என் தொழில் இல்லை. ஆனால் என் தொழில் சம்பந்தப்பட்ட ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பி.காம் சிஏ என்றால் ஆடிட்டர் ஆகும் படிப்பு என்று நினைத்துச் சேர்த்துவிட்டு என்னிடம் வரும் பெற்றோர் வருஷத்துக்கு இரண்டு பேராவது உண்டு. அங்கே சிஏ என்றால் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். நல்ல படிப்புதான், ஆனால் நாங்கள் எழுதும் சிஏ வேறு. அதற்குப் பிளஸ் டூ முடித்தே ஃபவுண்டேஷன் தேர்வுக்குப் பதிவு செய்யலாம்.

ஃப்ளெக்ஸில் '100 சதவீதம் வேலைவாய்ப்பு' என்று போட்டிருந்தால் ஆடிட்டர் கேட்கிற கேள்வியைக் கேளுங்க: எத்தனை பேரில் எத்தனை பேர்? படித்த எல்லோரிலுமா, பதிவு செய்தவர்களில் மட்டுமா? ஒரே பையனுக்கு வந்த மூன்று ஆஃபரை மூன்று பேராக எண்ணியிருக்கிறார்களா? தன்னாட்சி இல்லாத கல்லூரிகளின் தேர்ச்சி விவரத்தை அண்ணா பல்கலைக்கழகமே வெளியிடுகிறது. அதில் தம்பி போடப்போகும் காலேஜைத் தேடிப் பாருங்க. பத்து நிமிஷ வேலை, பல லிஸ்ட்டுகள் அங்கேயே பாதியாகிவிடும்.

'பிளாக்' பண்ணிய பணம்

கவுன்சலிங் தொடங்கும் முன்பே சில கல்லூரிகளிலிருந்து போன் வரும். "சீட்டு ஃபுல் ஆகுது, ஐம்பதாயிரம் கட்டி பிளாக் பண்ணுங்க." என்னிடம் வந்த ஒரு தம்பி, மாசம் 28,000 கையில் வாங்குகிறவர், தங்கைக்காக இப்படிக் கட்டினார். பிறகு தங்கைக்குக் கவுன்சலிங்கில் நல்ல இடம் கிடைத்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டால் இன்றைக்கு வா நாளைக்கு வா என்கிறார்கள். பிளஸ் டூ மார்க் ஷீட், டிசி எல்லாம் அங்கேதான் இருக்கிறது. ரசீதில் 'ஃபீஸ்' என்ற வார்த்தையே இல்லை.

ஏஐசிடிஇ விதிப்படி, குறிப்பிட்ட கடைசித் தேதிக்குள் இடத்தை விட்டால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கல்லூரி திருப்பித் தர வேண்டும். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கவும் கூடாது. அந்தத் தம்பியிடம் விதியைக் காட்டி எழுத்தில் கடிதம் கொடுக்கச் சொன்னேன். சான்றிதழ் நான்கு நாளில் வந்துவிட்டது. பணத்தில் 40,000 மூன்று மாசம் கழித்து வந்தது. மிச்சம் வரவேயில்லை, ரசீதே சரியில்லாமல் அதற்கு மேல் வாதாட எதுவும் இல்லை. கவுன்சலிங் முடியும் வரை அசல் சான்றிதழை யாரிடமும் கொடுக்காதீங்க. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்க.

யார் பெயரில் கடன்?

இப்போது உங்க சம்பளத்துக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் செய்வது, அவசரத்துக்குத் தன் பெயரில் ஒரு பெர்சனல் லோன். சம்பளக் கணக்கு இருப்பதால் ஆப்பில் ஐந்து நிமிஷத்தில் கிடைக்கிறது. 2 லட்சம், 13 சதவீத வட்டி, மூன்று வருஷம் என்று வைத்துக்கொண்டால் இஎம்ஐ சுமார் 6,740 ரூபாய். மேலே சொன்ன 28,000 சம்பளத்தில் கிட்டத்தட்ட கால்வாசி. மூன்று வருஷத்தில் வட்டி மட்டும் 42,600 ரூபாய் போகும். தங்கை படிப்பு முடியும் முன் நீங்க கடனை முடித்திருப்பீங்க, ஆனால் அந்த மூன்று வருஷம் ஒரு ரூபாய் சேமித்திருக்க மாட்டீங்க.

"வரிச்சலுகை கிடைக்குமே சார்" என்பார்கள். கிடைக்காது. கல்விக் கடன் வட்டிக்கான 80இ கழிவு உங்களுக்கு, உங்க கணவன் அல்லது மனைவிக்கு, உங்க பிள்ளைகளுக்கு, அல்லது நீங்க சட்டப்படி கார்டியனாக இருக்கும் மாணவருக்கு எடுத்த கல்விக் கடனுக்குத்தான். தம்பி, தங்கை அந்தப் பட்டியலில் இல்லை. பெர்சனல் லோனுக்கு எப்படியும் கிடையாது. 80சி-யில் டியூஷன் ஃபீஸ் காட்டுவதும் சொந்தப் பிள்ளைகளுக்கு மட்டும். புதிய வரிமுறையில் இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம், இரண்டும் கிடையாது.

கல்விக் கடன் வேறு மாதிரி. கடன்தாரர் மாணவரே, பெற்றோர் உடன் கையெழுத்து. வங்கிகளின் மாதிரித் திட்டத்தில் 4 லட்சம் வரைக்கும் அடமானம் கேட்பதில்லை. படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருஷமும் தவணை கிடையாது, படிக்கும் வரைக்கும் தனிவட்டிதான் ஓடும். பணமும் மொத்தமாக வராது, வருஷா வருஷம் ஃபீஸ் கட்டும்போது காலேஜுக்கே போகும். குடும்ப வருமானம் நான்கரை லட்சத்துக்குள் என்றால் படிக்கும் கால வட்டிக்கு மத்திய அரசின் மானியத் திட்டம் இருக்கிறது, எந்தக் கல்லூரிக்கு, எந்தப் பாடப்பிரிவுக்கு என்பதற்கு நிபந்தனை உண்டு. லிஸ்ட் போடும் முன்பே வங்கியில் கேட்டுவிடுங்க, போட்ட பிறகு இல்லை.

ஒரு கணக்கு பாருங்க. வருஷம் 55,000 வீதம், 10 சதவீத வட்டி. முதல் வருஷம் மாசத்துக்கு வட்டி சுமார் 460 ரூபாய். இரண்டாம் வருஷம் 920 போல. நான்காம் வருஷம், மொத்தமும் எடுத்த பிறகு, 1,830 சொச்சம். இந்த வட்டியை மட்டும் மாசாமாசம் நீங்க கட்டிவிட்டால் அசலோடு வட்டி சேராது. இப்படிக் கட்டுகிறவர்களுக்குப் பல வங்கிகள் வட்டியில் ஒரு சதவீதம் குறைக்கின்றன. படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு அசலை அவனே கட்டுவான், அவன் பெயரில் சிபில் ஸ்கோரும் வளரும், பழைய வரிமுறையில் இருந்தால் வட்டிக் கழிவும் அவனுக்கே.

வங்கியில் "அப்பாவுக்கு நிலையான வருமானம் இல்லை, அண்ணனையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்று கேட்கலாம். போடுவதா வேண்டாமா என்பது உங்க வீட்டு விஷயம். போட்டால், அந்தக் கடன் உங்க சிபில் அறிக்கையிலும் ஏறும். ஐந்து வருஷம் கழித்து நீங்க ஹோம் லோனுக்குப் போகும்போது அந்தத் தவணையையும் உங்க கணக்கில் வைத்துத்தான் தகுதி பார்ப்பார்கள். தம்பி ஒரு மாசம் கட்டத் தவறினாலும் உங்க பெயரில் விழும். இதைத் தம்பியிடம் இப்போதே, லிஸ்ட் போடும் அந்த மேஜையிலேயே சொல்லுங்க. பதினெட்டு வயசு ஆகப்போகிறது, கோபித்துக்கொள்ள மாட்டான்.

சான்றிதழ் எதுவும் இன்னும் வாங்கவில்லை என்றால் வருமானச் சான்றிதழிலிருந்து ஆரம்பிங்க. உதவித்தொகைக்கும் கேட்பார்கள், வட்டி மானியத்துக்கும் கேட்பார்கள், ஜூன் மாசம் எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதால் தாலுகா ஆபீஸில் நாளாகும்.